பதினொரு மனுக்களும் ஒரு பாதிக் கால்வாயும்

வாசகர் கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். வயது 67. எங்கள் ஊராட்சியில் அங்கன்வாடியை ஒட்டிப் போகும் கழிவுநீர்க் கால்வாயைப் பாதியில் விட்டுவிட்டார்கள். மழை பெய்தால் சாக்கடை நீர் குழந்தைகள் உட்காரும் இடம்வரை வருகிறது. மூன்று ஆண்டுகளில் ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் 11 மனுக்கள் கொடுத்துவிட்டேன். ஒவ்வொன்றுக்கும் "நிதி நிலைக்கேற்ப பரிசீலிக்கப்படும்" என்று ஒரே பதில். கூட வர ஊரில் ஆள் இல்லை. பக்கத்து வீட்டு மூதாட்டிக்கு ஐந்து மாதமாக முதியோர் பணம் வரவில்லை. இந்த நாட்டில் அரசாங்கம் என்று ஒன்று இருக்கிறதா? மனு எழுதுவதை நிறுத்திவிடலாமா? ஒரு வழக்கறிஞராக நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

பதில்:

அன்புள்ள ஐயா,

மேலே இருப்பது உங்கள் கடிதத்தின் சுருக்கம். மூலம் ஆறு பக்கம். முதல் நான்கு பக்கங்களில் டெல்லிவரை போய் வந்திருக்கிறீர்கள்: ஊழல், தேர்தல் செலவு, அரசு மருத்துவமனைகள், நீதிமன்றத் தாமதம், இளைஞர்களின் போக்கு. கால்வாய் ஐந்தாம் பக்கத்தில்தான் வருகிறது. மூதாட்டிக்கு ஆறாம் பக்கத்தில் இரண்டு வரி. கையெழுத்துக்குக் கீழே ஒரு பின்குறிப்பு: "போன மாதம் எதிர்வீட்டுக் கழிவுநீர்த் தொட்டிக்குள் ஓர் இளைஞரை இறக்கினார்கள். பார்க்கச் சகிக்காமல் உள்ளே போய்விட்டேன்."

நான் அந்தப் பின்குறிப்பிலிருந்தே தொடங்குகிறேன். மற்றவை தாமதமானால் துன்பம். இதில் தாமதித்தால் சாவு.

மனிதக் கழிவை மனிதர் அகற்றுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆவது பிரிவு, பாதாளச் சாக்கடைக்குள்ளும் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் உரிய பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதைத் தடுக்கிறது. அந்தத் தடை உள்ளாட்சிக்கும் ஒப்பந்தக்காரருக்கும் மட்டும் உரியதல்ல, "எந்த நபரும்" என்றே சட்டம் சொல்கிறது. உங்கள் எதிர்வீட்டுக்காரரும் அதில் அடங்குவார். முதல் குற்றத்துக்கே இரண்டு ஆண்டுவரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய்வரை அபராதம், அல்லது இரண்டும். பிணையில் விட முடியாத குற்றம். சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கான இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் 2014இல் 10 லட்சமாக நிர்ணயித்தது, 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. இத்தனைக்குப் பிறகும் ஆட்கள் இறங்குகிறார்கள். 1993 முதல் பதிவான இத்தகைய சாவுகளில் தமிழ்நாடு முன்வரிசையில் நிற்கும் மாநிலம் என்பது நாம் மேடைகளில் சொல்லிக்கொள்ளாத ஒரு பெருமை.

தொட்டிக்குள் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு முதலில் மூக்கின் உணர்வையே கொன்றுவிடும். நாற்றம் குறைந்துவிட்டது என்று நினைக்கும் நேரத்தில் ஆள் மயங்கி விழுந்திருப்பார். அவரைத் தூக்க இறங்கும் இரண்டாவது ஆளும் அப்படியே சாவார். செய்தித்தாளில் இருவர் பலி, மூவர் பலி என்று வருவது பெரும்பாலும் இதனால்தான். அடுத்த முறை பார்த்தால் நீங்கள் இறங்கிக் காப்பாற்றப் போக வேண்டாம். தொட்டி மூடியைத் திறக்கும்போதே வாசலில் நின்று, "ஆளை இறக்கினால் 100க்கு அழைப்பேன்" என்று எதிர்வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். கழிவுநீர் உறிஞ்சும் லாரியை வரவழைக்க அவரிடம் பணம் இருக்கும். ஆள்கூலி மலிவு என்பதற்காக ஆளைக் கூப்பிட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

"அரசாங்கம் இருக்கிறதா" என்று நீங்கள் நான்கு பக்கம் கேட்ட கேள்விக்கு அன்று மதியம் உங்கள் தெருவில் ஒரு பதில் இருந்தது. நீங்கள் உள்ளே போய்விட்டீர்கள். குத்திக் காட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. முப்பது ஆண்டு நீதிமன்ற வாசலில் நின்ற நானும் பல முறை இப்படி உள்ளே போனவன்தான்.

இனி கால்வாய். அனுப்பிய 11 மனுக்களின் நகல்களையும் வாசித்தேன். தமிழ் அருமை, எழுத்து மணியானது. ஆனால் பதினொன்றிலும் ஒரு கேள்விகூட இல்லை. "சுகாதாரக் கேடு விளைவிக்கும் கழிவுநீரை உடனே அகற்ற ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன்" என்று முடிகின்றன. வேண்டுகோளுக்குப் பரிசீலிக்கிறோம் என்பதே முழுப் பதில். அதை எழுதியவர் எந்த விதியையும் மீறவில்லை.

அந்த மனு போகும் பாதையைப் பாருங்கள். ஆட்சியர் கையிலிருந்து உதவி இயக்குநர் (ஊராட்சிகள்) மேசைக்கு, அங்கிருந்து வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, அங்கிருந்து ஊராட்சிச் செயலருக்கு. எந்தக் கால்வாயைப் பற்றிப் புகார் செய்தீர்களோ அந்தக் கால்வாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடமே கடைசியில் வந்து சேர்கிறது. அவரிடம் பணம் இல்லை. "நிதி நிலைக்கேற்ப" என்று எழுதி அனுப்புகிறார். அதே வரி வந்த வழியே மேலேறி, ஆட்சியர் அலுவலக முத்திரையுடன் உங்கள் வீட்டுக்கு வருகிறது. கணினியில் மனு முடிக்கப்பட்டதாகப் பதிவாகிறது. பதில் சொல்ல வேண்டியவரிடம் பணம் இல்லை, பணம் வைத்திருப்பவர் உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. நம் நிர்வாகத்தின் நோயை இதைவிடச் சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இது தற்செயலாக வந்ததும் அல்ல. 1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆவது அரசமைப்புத் திருத்தம் 29 துறைகளை ஊராட்சிகளுக்கு உரியவையாக அட்டவணையில் எழுதி வைத்தது. அதிகாரத்தையும் ஊழியரையும் நிதியையும் எவ்வளவு இறக்கிக் கொடுப்பது என்பதை மாநிலங்களின் விருப்பத்துக்கு விட்டது. மாநிலங்கள் டெல்லியிடம் கேட்கும் உரிமையைக் கிராமம் தங்களிடம் கேட்டால் முகம் சுளிக்கின்றன. ஐந்து ஆண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்தியாக வேண்டும் என்று அரசமைப்பே சொல்லியும், தமிழ்நாட்டில் 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த உள்ளாட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான், அதுவும் 27 மாவட்டங்களின் ஊரகப் பகுதிகளுக்கு மட்டும், தேர்தல் நடந்தது. அந்த இடங்களில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்ததும் மறுபடியும் அரசு அமர்த்திய தனி அலுவலர்கள். தலைவர் என்றால் வீட்டு வாசலில் போய் நின்று சத்தம் போடலாம். தனி அலுவலரின் வீடு எங்கே என்றே உங்களுக்குத் தெரியாது.

இந்த அமைப்புக்குள் வேண்டுகோள் வைத்துப் பயனில்லை. கட்டாயம் பதில் சொல்ல வேண்டிய நாற்காலி எது என்று தேடி, அதன்முன் சிறிய கேள்வியை வைக்க வேண்டும். உங்கள் கால்வாய்க்கு அப்படி இரண்டு நாற்காலிகள் இருக்கின்றன.

முதலாவது, பொதுத் தகவல் அலுவலர். 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிய ஒரு வெள்ளைத்தாள் போதும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் ஐந்து நாளில் அவர்களே உரிய இடத்துக்கு மாற்ற வேண்டும். பதில் வராவிட்டால் 30 நாளில் முதல் மேல்முறையீடு, பிறகு 90 நாளில் மாநிலத் தகவல் ஆணையம். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், அதிகபட்சம் 25,000 ரூபாய், அலுவலரின் சொந்தப் பணத்திலிருந்து அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆணையத்தில் வழக்குகள் தேங்கிக் கிடப்பதும், இந்த அபராதம் அபூர்வமாகவே விதிக்கப்படுவதும் நான் மறைக்க விரும்பாத உண்மைகள். ஆனாலும் சாதாரண மனுவில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது: பதில் தாளில் ஓர் ஆளின் பெயர் இருக்கும்.

ஆனால் "ஏன்" என்று கேட்காதீர்கள். "கால்வாயை ஏன் முடிக்கவில்லை?" என்று கேட்டால், "விளக்கம் தரச் சட்டத்தில் இடமில்லை" என்று ஒற்றை வரியில் திருப்பிவிடுவார்கள். சட்டப்படி அது சரியான பதிலும்கூட. இருக்கும் ஆவணத்தைத்தான் கேட்கலாம். தொழிலின் தொடக்கத்தில் நான் எழுதிய மனுக்களில் பாதி இந்த "ஏன்" என்னும் பள்ளத்தில்தான் விழுந்தன. கேட்க வேண்டியவை இவை: அந்தக் கால்வாய்ப் பணிக்கான மதிப்பீடு, நிர்வாக அனுமதி, பணி ஆணை, எம்-புக்கின் உரிய பக்கங்கள், பில் தொகை வழங்கிய விவரம். எம்-புக் என்பது பொறியாளர் அளந்து எழுதும் அளவீட்டுப் புத்தகம். முழு நீளமும் கட்டியதாக அதில் எழுதியிருந்தால் உங்கள் புகாரின் தன்மையே மாறிவிடும், அது தணிக்கைக்கும் லஞ்ச ஒழிப்புத் துறைக்கும் போக வேண்டிய காகிதம். பாதி நீளத்துக்குத்தான் மதிப்பீடே போட்டிருந்தால், அங்கன்வாடிக்கு முன்னால் நிறுத்தலாம் என்று யார் கையெழுத்திட்டார் என்பது தெரியும். வேலையையே நேரில் ஆய்வு செய்யவும் இந்தச் சட்டம் உரிமை தருகிறது. பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வழக்குக்காக வந்த ஒருவர் எம்-புக் நகலையும் ஒரு கொத்தனார் டேப்பையும் எடுத்துக்கொண்டு போய்க் கால்வாயை அளந்தார். புத்தகத்துக்கும் தரைக்கும் 40 மீட்டருக்கு மேல் வித்தியாசம். அதைப் புகாராக எழுதிக் கொடுப்பதற்கு முன்பே ஜல்லி லோடு வந்து இறங்கிவிட்டது.

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதையும் நினைவூட்டுகிறேன், ஆசிரியருக்குப் பாடம் எடுப்பதற்கு மன்னிக்கவும். மாநில அளவில் இந்தியாவிலேயே முதன்முதலில், 1997இல், இப்படியொரு சட்டம் போட்டது தமிழ்நாடுதான். விதிவிலக்குகள் மலிந்த அந்தச் சட்டத்தை யாரும் பெரிதாகப் பயன்படுத்தவில்லை. உயிருள்ள சட்டம் ராஜஸ்தானிலிருந்து வந்தது. அங்கே மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்ற அமைப்பு 1994 டிசம்பரில் கோட் கிரானா கிராமத்தில் முதல் மக்கள் விசாரணையை நடத்தியது. கூலி வேலையின் வருகைப் பட்டியலை ஊர் நடுவில் உரக்க வாசித்தார்கள். வேலை செய்யாதவர்கள் பெயரில் கூலி போயிருந்ததை ஊரே காதால் கேட்டது. 1996இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. அந்தக் கூலித் தொழிலாளர்கள் முதலில் கேட்டது பட்டியலின் நகல். நீங்களும் முதலில் நகலைக் கேளுங்கள்.

இரண்டாவது நாற்காலி உங்கள் கோட்டாட்சியர். அவர் வருவாய் அதிகாரி மட்டுமல்ல, நிர்வாக நடுவரும்கூட. பொதுத் தொல்லையை அகற்ற ஆணையிடும் அதிகாரம் அவருக்கு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 133ஆவது பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற வாயில் நுழையாத பெயருள்ள சட்டத்தில் 152ஆவது பிரிவாக இருக்கிறது. எண்தான் மாறியது, பற்கள் அதேதான்.

மத்தியப் பிரதேசத்தின் ரட்லாம் நகரத்தில் ஒரு வார்டு மக்கள் இதைத்தான் செய்தார்கள். திறந்த சாக்கடை, சாராய ஆலைக் கழிவு, கழிப்பறை இல்லாததால் தெருவே மலம். நகராட்சியைத் திருத்தும்படி நடுவரிடம் போனார்கள். நடுவர் ஆறு மாதம் கெடு வைத்தார். நகராட்சி "பணம் இல்லை" என்றது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1980இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்தச் சாக்கைத் தள்ளுபடி செய்தார். கண்ணியமாக வாழ்வதும் சுகாதாரமும் உள்ளாட்சியின் முதல் செலவு, நிதி இல்லை என்று சொல்லிச் சட்டக் கடமையிலிருந்து தப்ப முடியாது என்பது தீர்ப்பின் சாரம். 1957இல் கேரள அமைச்சராக இருந்தவர் அவர். "நிதி இல்லை" என்ற சொல் மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எப்படிப் பிறக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஆகவே உங்களிடம் இருக்கும் அந்த 11 "நிதி நிலைக்கேற்ப" கடிதங்களைக் கிழித்துவிடாதீர்கள். கோட்டாட்சியரிடம் 152ஆவது பிரிவின்கீழ் மனுப் போடும்போது அவைதான் உங்கள் சாட்சி. பிரச்சினை இருப்பதை 11 முறை அவர்களே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மழைநாளில் எடுத்த புகைப்படங்கள், அங்கன்வாடிக்குப் பிள்ளையை அனுப்பும் இரண்டு தாய்மாரின் வாக்குமூலம் இரண்டையும் சேருங்கள். கோட்டாட்சியர் அசையாவிட்டால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் நிரந்தர மக்கள் நீதிமன்றம் இருக்கிறது. பொதுச் சுகாதாரம் அதன் வரம்புக்குள் வரும், கட்டணம் கிடையாது. உயர் நீதிமன்றம் அதற்கும் பிறகு.

கால்வாயைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதிய இன்னொரு வரி என்னை நிறுத்தியது. "கால்வாய் நின்ற இடத்துக்கு அப்பால் காலனி ஆரம்பிக்கிறது." அங்கன்வாடிக்கு மழை நாளில் வரும் சாக்கடை, அந்தக் குடியிருப்புக்கு எல்லா நாளும் போகிறதுதானே? ஊரில் கட்டிய பகுதியின் நீர் முழுவதும் கட்டாத பகுதியில்தானே விழுகிறது? காலனி என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். நல்லது. சாக்கடையின் சரிவு எந்தப் பக்கம் என்பதை மதிப்பீட்டு வரைபடத்தில் பாருங்கள். பெரும்பாலான ஊர்களில் பொறியாளரின் கைக்குள் ஊரின் கை இருக்கும்.

கூட வர ஆள் இல்லை என்று வருந்தியிருக்கிறீர்கள். 11 மனுக்களில் மூன்றில் மட்டும் பிறர் கையெழுத்து இருக்கிறது, மூன்றும் உங்கள் தெருக்காரர்களுடையவை. அப்பால் இருக்கும் ஒருவர்கூட இல்லை. நீங்கள் கேட்டு அவர்கள் மறுத்தார்களா, அல்லது கேட்கவே இல்லையா என்று கடிதத்தில் இல்லை. நாற்பது ஆண்டு பணியில் அவர்கள் பிள்ளைகளுக்கும் நீங்கள்தானே பாடம் நடத்தியிருப்பீர்கள். போய்க் கேளுங்கள். இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு. பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் கடமைப்பட்டிருக்கிறது. தாலுகா சட்டப் பணிகள் குழு நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். உங்கள் ஓய்வூதியத்தில் வழக்கறிஞருக்குக் கட்டணம் கொடுப்பதைவிட, அந்தக் குடியிருப்பின் பெண் ஒருவர் முதல் மனுதாரராக வருவது வழக்கையும் பலப்படுத்தும்.

கிராம சபையைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை, அதனால் நானும் சுருக்கமாக. ஆண்டுக்கு ஆறு நாள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. வருகைப் பதிவேட்டில் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி முடித்துவிடும் ஊர்கள் உண்டு. உங்கள் ஊர் அப்படியா என்று தெரியவில்லை. கால்வாயைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதும்வரை உட்கார்ந்திருங்கள். எழுதிய பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மனு எழுதுவதை நிறுத்திவிடலாமா என்று கேட்டீர்கள். பன்னிரண்டாவதாக அதே மனுவை எழுதுவதை நிறுத்திவிடுங்கள். நாட்டைப் பற்றிய உங்கள் நான்கு பக்கங்களில் பெரும்பாலானவற்றை நானும் ஒப்புக்கொள்கிறேன். குறித்த காலத்தில் குறைதீர்க்கச் சட்டம் வேண்டும் என்று 2011இல் நாடாளுமன்றத்தில் மசோதா வைத்தார்கள். 2014இல் மக்களவையோடு சேர்ந்து அதுவும் காலாவதியானது. பீகார் 2015இல் ஒரு சட்டம் போட்டு, புகார் செய்தவரையும் அலுவலரையும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார வைத்து விசாரிக்கிறது. நாம் எதற்கெடுத்தாலும் பீகாரை ஏளனம் செய்வோம். அந்த மேசை இங்கே இருந்திருந்தால் நீங்கள் 11 முறை பஸ் ஏறியிருக்க வேண்டாம். அப்படியொரு சட்டத்துக்காகத் தாராளமாகக் குரல் கொடுங்கள். சட்டம் வரும்வரை கோட்டாட்சியர் இருக்கிறார்.

மூதாட்டியின் விஷயத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன். கடிதத்தை மடிக்கும்போது நினைவில் நிற்பது கடைசிப் பத்திதான். நீங்கள் முதலில் செய்ய வேண்டியதும் அதுதான். மாதம் 1,200 ரூபாய். 80 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு அதில் மத்திய அரசின் பங்கு 200 ரூபாய், ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக அசையாத தொகை. ஐந்து மாதம் என்றால் 6,000 ரூபாய். உங்களுக்கும் எனக்கும் அது ஒரு தொகை, அவருக்கு அது மாத்திரையும் அரிசிக்கு மேலான எல்லாமும்.

ஓஏபி என்கிற இந்த முதியோர் ஓய்வூதியம் நின்றுபோவதற்கு நான் பார்த்த காரணங்கள் சொற்பம்: கைரேகை பதியவில்லை, வங்கிக் கணக்கும் ஆதாரும் ஒட்டவில்லை, விசாரணைக்கு வந்த நாளில் வீடு பூட்டியிருந்தது, மகன் சம்பாதிக்கிறான் என்று யாரோ எழுதிக் கொடுத்தார்கள். உயிரோடிருப்பவரை இறந்தவராகப் பதிந்ததும் உண்டு. தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்துக்கென்று தனி வட்டாட்சியர் இருக்கிறார். ஓய்வூதிய ஆணை, வங்கிப் புத்தகம், ஆதார், குடும்ப அட்டை நான்கின் நகலோடு போங்கள். "மீண்டும் வழங்குங்கள்" என்று கேட்பதற்கு முன்னால், "நிறுத்தியதற்கான ஆணையின் நகலைத் தாருங்கள்" என்று எழுதிக் கேளுங்கள். விளக்கம் கேட்காமல் நிறுத்தியிருந்தால் அது இயற்கை நீதிக்கு விரோதம். ஆணையே இல்லாமல் கணினியில் நின்றிருந்தால், நகல் கேட்ட அன்றே பணம் மறுபடி ஓடத் தொடங்குவதை நான் பார்த்திருக்கிறேன். நிலுவையையும் மறக்காமல் கேளுங்கள். மனுவின் இன்னொரு பிரதியில் தேதியும் முத்திரையும் வாங்காமல் படி இறங்காதீர்கள்.

அவரையும் ஆட்டோவில் கூடவே அழைத்துச் செல்லுங்கள், நேரில் பார்த்துவிட்டால் இறந்தவர் என்று எழுத முடியாது. திங்கள்கிழமை மட்டும் போக வேண்டாம். அன்று அதிகாரிகள் எல்லாரும் குறைதீர்க்கும் நாளுக்காக ஆட்சியர் அலுவலகத்தில் இருப்பார்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்குப் போங்கள்.